உருப்படி எண் 147: வாளி

புனித பர்னபாஸ் ஆலயத்தில், பீடத்துப் படிக்குக் கீழே இடது பக்கம், நாற்பத்தொரு வருஷமாக ஒரு தகர வாளி இருந்தது. கூரை ஒழுகியது, வாளி வாங்கிக்கொண்டது. இந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் கிடையாது. பிரசங்கம் நீண்டுபோகும் மழைநாட்களில் சபையைத் தூங்காமல் காப்பாற்றியது அந்த ‘டொப்’ சத்தம்தான் என்று சொல்பவர்களும் பெல்மோர் துறை என்ற அந்தக் கடலோர ஊரில் உண்டு.

வாளி நின்றது சாமானிய இடத்தில் அல்ல. கல்யாணத்தில் மணப்பெண் நிற்க வேண்டிய இடம் அது. நாற்பத்தொரு வருஷமாக அந்த ஊர் மணப்பெண்கள் அத்தனை பேரும் ஓர் எட்டுத் தள்ளி நின்றே கல்யாணம் செய்துகொண்டார்கள். தள்ளி நிற்காதவர் ஒரே ஒருவர்: வெல்டா நிக்கிள். அவர் கல்யாணத்தன்றுதான் கூரை முதன்முதலாகத் திறந்துகொண்டது. ‘ஏற்றுக்கொள்கிறேன்’ என்று சொல்ல வாயைத் திறந்தார். துளி உள்ளே போயிற்று. மாப்பிள்ளை லாய்ட் நிக்கிள் சிரித்துவிட்டார். மணியடிப்பவர் ஓடிப்போய்த் தன் மாட்டுக் கொட்டிலிலிருந்து அந்த வாளியைக் கொண்டுவந்து வைத்தார். லாய்ட் இறந்து ஒன்பது வருஷமாகிறது. வாளி இருந்தது.

இந்த வெல்டாவைத்தான் கார்மன் ஐஸ்னர் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார்.

கார்மனுக்கு அறுபத்தாறு வயது. கல்யாணமே ஆகாதவர். முப்பத்து நாலு வருஷம், எதிரே இருக்கும் ராம் தீவுக்குப் போய்வரும் படகில் எஞ்சின் பார்த்தவர். படகு வேலையில் எஞ்சின் கெட்டுப்போனால்கூட மன்னிப்பு உண்டு. பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் கிடையாது. எண்ணெய் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம் என்று மணிக்கு ஒருமுறை எழுதி எழுதி, காலிக் கட்டத்தைக் கண்டாலே அவருக்குக் கை அரிக்க ஆரம்பித்துவிடும். ஓய்வுபெற்ற பிறகும் அரிப்பு நிற்கவில்லை. அதனாலேயே சபை அவரை இருபத்திரண்டு வருஷமாக ஆலயப் பொறுப்பாளராக வைத்திருந்தது.

ஏப்ரல் மாதம், படகுத்துறையில் வண்டிக்குள் உட்கார்ந்திருந்தபோது அவர் கேட்டேவிட்டார். வெல்டா காபியை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"கட்டிக்கறேன். ஆனா நம்ம கோயில்லதான். என் இடத்துலயே நின்னுதான். தலைமேல ஒரு சொட்டு விழக் கூடாது. ஒருதரம் நனைஞ்சு கட்டிக்கிட்டாச்சு, இன்னொரு தரம் என்னால ஆகாது. எங்கக்கா மேற்கே அல்பர்ட்டாலேர்ந்து அக்டோபர்ல நன்றித் திருநாளுக்கு வர்றா. அதுக்கு முந்தின சனிக்கிழமை. அதுக்குள்ள கூரையைப் பாரு."

கார்மனுக்குத் தலைகால் புரியவில்லை. ஏனென்றால் கூரை வேலை அந்த மாதமே ஆரம்பிக்க இருந்தது. கோயிலுக்கு வயது நூற்றுத் தொண்ணூறைத் தாண்டிவிட்டதால், கடலோரத் தொன்மைக் கட்டடக் காப்பு மன்றம் என்ற அமைப்பு கூரையைச் செப்பனிட்டுத் தர முன்வந்திருந்தது. மன்றம் கேட்டது ஒரே ஒரு படிவம். ‘நாற்பது வருஷத்துக்கு மேல் ஆலயத்தில் இருக்கும் எல்லாப் பொருளையும் விடாமல் எழுதவும்’ என்று அதன் தலையில் இருந்தது.

விடாமல் எழுது என்று கார்மனிடம் சொல்லக் கூடாது. இருநூற்றுப் பதினாலு உருப்படிகள் எழுதினார். பீடம், பிரசங்க மேடை, ஞானஸ்நானக் கல்தொட்டி எல்லாம் முதல் பக்கத்திலேயே வந்துவிட்டன. எலிப்பொறி வந்தது. உடைந்த எலிப்பொறி தனியாக வந்தது. நூற்று நாற்பத்தேழாவது உருப்படி: வாளி, தகரம், ஒன்று. வயது: 41. நிலை: நன்று. பயன்பாடு: கூரை ஒழுகும் நீரைப் பிடித்தல்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மன்றம் பட்டியலைப் படித்து மகிழ்ந்ததாம். பீடத்தைப் பற்றி அவர்களுக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்த மாதிரிப் பீடம் கடற்கரை நெடுகிலும் இருக்கிறதாம். ஆனால் உருப்படி எண் 147, கட்டடத்தின் ‘குணநிர்ணயக் கூறு’ என்று தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. அதை நகர்த்தவோ மாற்றவோ அதன் பயன்பாட்டுக்கு இடையூறு செய்யவோ கூடாது.

கடிதத்தின் கடைசி வரியைக் கார்மன் நாலு தடவை படித்தார். பிறகு கூரையைப் பார்த்தார்.

மன்றத்தின் முதுநிலைக் காப்பு ஆலோசகர் டெஸ்மண்ட் ஹார்க்னஸ் நேரில் வந்தார். உயரமானவர், தாழ்ந்த குரல்காரர். கோயிலுக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்ற மறந்துவிட்டு, வாளியின் அருகே வந்ததும் ஞாபகம் வந்தாற்போல் கழற்றினார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு முழங்காலிட்டார். அந்தக் கோயிலில் அவர் முழங்காலிட்டது அந்த ஒருமுறைதான்.

கூரை வேலையை எடுத்திருந்த பாய்ட் மோஷர் ஏணியில் நின்றபடியே, துவாரம் இன்னதென்று தெரிந்துவிட்டது, ஒரு மணி நேரத்தில் அடைத்துவிடலாம் என்றார். பாய்டுக்கு ஐம்பது வயது. தீவில் பிறந்தவர். எதையும் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று சொல்லி மூன்று நாள் எடுத்துக்கொள்பவர்.

ஹார்க்னஸ் கண்ணை மூடித் திறந்தார்.

"ஐயா, வாளிங்கிறது வெறும் பாதி. மீதிப் பாதி துளி. ரெண்டும் சேர்ந்து ஒரே அமைப்பு. துளியை நிறுத்திட்டா இது என்ன? வெறும் வாளி. கூரையை முழுசா அடைச்சிட்டா அது என்ன? வெறும் கூரை. வெறும் கூரை ஊரெல்லாம் இருக்கு. அதைக் காப்பாத்த நாங்க எதுக்கு?"

மற்ற இடமெல்லாம் புது மர ஓடு போட்டுவிடலாம், அந்த ஓர் இடத்தில் மட்டும் ஒரு காசு அகலத்துக்குத் துவாரம் அப்படியே இருக்க வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்தார். அப்படியானால் கூரை ஒழுகுமே என்று கார்மன் தயங்கித் தயங்கிக் கேட்டார். ஹார்க்னஸ் அவர் தோளைத் தட்டிக்கொடுத்து, அதே அக்கறைதான் தமக்கும் என்றார்.

கார்மனுக்கு அப்போது ஒரு உண்மை ஞாபகம் வந்தது. அவர் உண்மையை மறைக்கத் தெரியாதவர், ஒன்றே ஒன்றைத் தவிர. அது பிறகு வரும். இப்போது ஞாபகம் வந்தது இது: பீடத்தடியில் இருப்பது அந்த மாட்டுக் கொட்டில் வாளி இல்லை. அதன் அடி துருப்பிடித்து உதிர்ந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகிறது. அப்போது தன் கொட்டகையிலிருந்து வேறொன்றைக் கொண்டுவந்து வைத்தவர் கார்மனேதான். ஆகவே இதற்கு நாற்பது வயது ஆகவில்லை, விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தார்.

ஹார்க்னஸுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படியானால் இது வெறும் பொருள் அல்ல, தலைமுறை கடந்த மரபு என்றார். மறுவாரம் மன்றத்திலிருந்து இரண்டு பேர் வந்து கார்மனின் கொட்டகையை அளந்துகொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து ஒரு மண்வெட்டியை எடுக்கக்கூட அவர் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

சாரம் கட்டினார்கள். வேலை நடக்கும்போதும் ஆராதனை நடக்கலாம், தலைக்கவசம் கட்டாயம் என்று மன்றம் அனுமதித்தது. சபையின் செயலர் யூனிஸ் வென்ட்ஸலுக்கு எண்பது வயது. தொப்பியில்லாமல் கோயிலுக்கு வரும் பெண்களை வாசலிலேயே முறைத்துத் திருப்பி அனுப்பியவர். அவர் தம்முடைய ஊதா நிறத் தொப்பிக்கு மேலே மஞ்சள் தலைக்கவசத்தை வைத்துக்கொண்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். தலையாட்டும்போதெல்லாம் இரண்டும் வேறுவேறு திசையில் ஆடின. பாதிரியம்மா பிலிப்பா ஓக்ஸ் ஒளிரும் மேல்சட்டை போட்டுக்கொண்டு திருவிருந்து கொடுத்தார். அவருக்கு மூன்று ஊரில் மூன்று கோயில். ஒரே பிரசங்கத்தை மூன்று வேகத்தில் செய்வார். எதற்கும் சண்டை போட அவருக்கு நேரம் கிடையாது.

பிறகு பாட்டுக்குத் தடை வந்தது. ஒலி அளக்கும் கருவி ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். சபை முதல் பாட்டை எடுத்ததும் அது சிவப்பு விளக்குப் போட்டுக் கத்தியது. காரைப் பூச்சு அதிர்கிறதாம். இனி முணுமுணுக்கலாம், கட்டைக்குரல்காரர்கள் மட்டும் வாசலுக்கு வெளியே நின்று பாட வேண்டும் என்று உத்தரவாயிற்று. கட்டைக்குரல் பாடுகிற கோர்க்கம் சகோதரர்கள் இருவரும் கல்லறைத் தோட்டத்தில் நின்று ஜன்னல் வழியாக அல்லேலூயா பாடினார்கள். பழைய பெயின்ட் சுரண்டிய இரண்டு ஞாயிறுகள் சபை முழுவதும் கர்லிங் விளையாட்டுக் கூடத்துக்குக் குடிபெயர்ந்தது. தரையில் வரைந்திருந்த வட்டங்களில், ஆட்டக்காரர்கள் கல்லைச் சறுக்கிக் கொண்டுபோய் நிறுத்த வேண்டிய நடு வட்டத்தில் நின்று யூனிஸ் வேதபாடம் வாசித்தார். விளையாட்டுக் கழகத்துக்காரர்கள் மறுநாள் வந்து, அது நல்ல ஆட்டம் என்று சொன்னார்களாம்.

இவ்வளவுக்கும் யாராவது ஒருவர் ஹார்க்னஸிடம் கேட்க வேண்டும் இல்லையா? பாதிரியம்மா கேட்டார். இந்தக் கட்டடத்தில் மக்கள் தொழ வேண்டுமே, அதைப் பற்றி மன்றம் யோசித்ததா என்றார்.

"அம்மா, தொழறவங்களை நாங்க ரொம்ப மதிக்கிறோம். ஆனா உண்மையைச் சொல்லணும்னா, கட்டடத்துக்குப் பெரிய ஆபத்தே அவங்கதான். மூச்சு விடறாங்க. உட்கார்றாங்க. குளிர்காலத்துல நெருப்புப் போடச் சொல்றாங்க. எங்க மன்றத்தோட கையில இருக்கற கோயில்கள்லயே ரொம்ப நல்லா இருக்கறது எது தெரியுமா? கிழக்குக் கரையில ஒண்ணு. பதினெட்டு வருஷமா ஒரு ஆள் உள்ள நுழையலை. போய்ப் பாருங்க, அவ்வளவு பக்தி."

ஜூலையில் மழை பெய்யவில்லை. கார்மனுக்கு அது மன்றத்துக்கே தெரியாத ஒரு விடுமுறை மாதிரி இருந்தது. மூன்றாம் வாரத்தில் கடிதம் வந்தது: குணநிர்ணயக் கூறு பதினாறு நாட்களாகச் செயல்படவில்லை. இது பராமரிப்பின்மையால் விளைந்த சீரழிவு. பொறுப்பாளர் உடனடியாகத் துளியை மீட்க வேண்டும். தினசரி அறிக்கை இணைப்புப் படிவத்தில்.

இணைப்புப் படிவத்தில் ஐந்து கட்டங்கள் இருந்தன. தேதி, நிமிடத்துக்கு எத்தனை துளி, துளியின் கனம், ஓசை, குறிப்பு.

கட்டங்களைப் பார்த்ததும் கார்மனின் கை அரித்தது. வேறொரு மனிதராக இருந்தால் அந்தக் காகிதத்தைப் படகிலிருந்து கடலில் விட்டிருப்பார். அவர் தினமும் காலை எட்டு மணிக்குச் சாரத்தில் ஏறி, செடிக்கு ஊற்றும் பூவாளியால் துவாரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். கீழே இறங்கிவந்து கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஓசைக் கட்டம்தான் அவரைப் படாதபாடு படுத்தியது. வாளி காலியாக இருந்தால் ‘டங்’. அரை வாளி என்றால் ‘டொப்’. நிரம்பப்போகும்போது ‘ளுக்’ என்று ஒன்று வந்தது. அதை எழுத்தில் எப்படிப் போடுவது என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தார்.

அந்தப் பூவாளி வெல்டாவுடையது. அதைத் தேடிக்கொண்டு அவர் கோயிலுக்கு வந்தபோது கார்மன் சாரத்தின் உச்சியில் இருந்தார்.

வெல்டா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"கார்மன்."

"ம்."

"கூரையை அடைக்கச் சொன்னேன்."

"ஆமாம்."

"நீ அதுக்குத் தண்ணி ஊத்திக்கிட்டிருக்கே."

கார்மன் மேலிருந்தபடியே படிவம், ஐந்து கட்டம், சீரழிவு என்றெல்லாம் விளக்கினார். மேலிருந்து சொன்னால் எதுவுமே பிரசங்கம் மாதிரிதான் கேட்கிறது. வெல்டா கேட்டு முடித்தார். பிறகு, அக்காவுக்கு விமானச் சீட்டு எடுத்தாயிற்று, அக்டோபரில் கூரை ஒழுகினால் அக்காவும் தானும் நன்றித் திருநாளுக்கு வான்கோழி தின்றுவிட்டு அல்பர்ட்டாவுக்கே போய்விடுவோம், அங்கே மழை குறைவு என்று சொன்னார். போகும்போது பூவாளியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மறுநாள் கார்மன் தேநீர்க் கெட்டிலால் ஊற்றினார்.

மீட்பு வந்தது பாதிரியம்மாவிடமிருந்து. மூன்று கோயிலுக்கும் நடுவில் படகுக்குக் காத்திருக்கும் நேரத்தில் மன்றத்தின் எண்பத்தாறு பக்க விதிப்புத்தகத்தை அவர் படித்து முடித்துவிட்டார். ஆகஸ்டு கமிட்டிக் கூட்டத்தில் ஒன்பதாம் விதியை வாசித்துக் காட்டினார்: ‘வழிபாட்டில் வழக்கமாகப் பயன்படும் பாத்திரங்கள் மன்றத்தின் கட்டுப்பாட்டில் வாரா. அவற்றையும் அவற்றுக்கான நீரையும் பற்றிய முடிவு போதகருடையது.’

"வாளி பாத்திரம்தானே," என்றார் பாதிரியம்மா. "கல்தொட்டியை அவங்க பிளாஸ்டிக் சுத்தி முத்திரை வெச்சிட்டாங்க. வசந்தம் வரைக்கும் திறக்கக் கூடாது. அப்ப வாளியில ஞானஸ்நானம் குடுப்போம். ஒருத்தருக்குக் குடுத்தாப் போதும், விதியில கால் வெச்சிடலாம். யாருக்குக் குடுக்கலாம்?"

எல்லாரும் யோசித்தார்கள். அந்தச் சபையில் கடைசியாக ஞானஸ்நானம் பெற்ற குழந்தைக்கு இப்போது பதினோரு வயது. அதுவும் ஒன்டாரியோவில் இருக்கிறது. பெரியவர்களில் யாராவது விட்டுப்போயிருக்கிறார்களா என்று பாதிரியம்மா கேட்டார்.

யூனிஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம சபையிலயா? ஞானஸ்நானம் இல்லாம எப்படித் திருவிருந்துக்கு வந்திருப்பாங்க? முப்பது வருஷமா அதுக்கான வகுப்பை நான்தான் எடுக்கறேன். அப்படி ஒருத்தர் நம்ம நடுவுல உட்கார்ந்திருந்தா எனக்கு வாசனையிலேயே தெரிஞ்சிடும்."

கார்மன் தன் காலணிகளைப் பார்த்தார். இடது காலணியின் கயிறு பிரிந்திருந்தது. அதைக் கூட்டம் முடியும்வரை கட்டிக்கொண்டிருந்தார்.

மறைத்த உண்மை இதுதான். கார்மன் ராம் தீவில், கடல் உறைந்துபோன ஒரு பிப்ரவரியில் பிறந்தவர். படகு ஓடவில்லை. பழைய போதகர் வசந்தத்தில் வருகிறேன் என்று சொல்லியனுப்பினார். வசந்தத்தில் சிங்கி இறால் பருவம் தொடங்கிவிட்டது. அம்மா, அப்பா கொண்டுபோய்க் காட்டியிருப்பார் என்று இருந்தார். அப்பா, அம்மா கொண்டுபோயிருப்பாள் என்று இருந்தார். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் பொறுப்பாளரானபோது ஆலயப் பதிவேடுகள் கார்மனின் கைக்கு வந்தன. ஆசையாகத் தன் பெயரைத் தேடினார். பெயர், பெற்றோர், பிறந்த நாள் எல்லாம் பென்சிலில் இருந்தன. ஞானஸ்நானத் தேதிக் கட்டம் காலி.

அதை நிரப்ப அவரால் முடியவில்லை. பொய் எழுதத் தெரியாது. சொல்லவும் முடியவில்லை. பதிவேட்டைப் பெட்டியின் அடியில் வைத்து, மேலே எலிப்பொறிகளை அடுக்கினார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அப்பத்தை வாங்கக் கடைசி ஆளாகவே போவார். சொன்னால் பொறுப்பு போய்விடும், யூனிஸ் முகத்தில் விழிக்க முடியாது, வெல்டாவும் வேண்டாம் என்று சொல்லலாம். சொல்லாவிட்டால் கூரை ஒழுகும், வெல்டா கட்டாயம் வேண்டாம் என்று சொல்வார். இரண்டு நாள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, வெல்டாவின் சமையலறைக்குப் போய், உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

வெல்டா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

"அப்ப இத்தனை வருஷமா," என்றார், "அந்தக் கோயில்ல ஒருதரம்கூட நனையாத ஆள் நீதானா?"

"ஆமாம்."

"நான் பட்டுக் கவுனோட நனைஞ்சேன். கட்டின புருஷன் சிரிச்சான்."

"தெரியும்."

"அப்ப நீ ஒருதரம் நனை. நான் வந்து முன் பெஞ்சுல உட்கார்ந்து சிரிக்கிறேன். அதோட கணக்குத் தீர்ந்துது." கத்தி மறுபடியும் ஓடியது. "யூனிஸைப் பத்திக் கவலைப்படாதே. அவளுக்குச் சளி. வாசனையே தெரியாது."

செப்டம்பர் மூன்றாம் ஞாயிறு நல்ல மழை. கெட்டில் தேவைப்படவில்லை. வாளி முக்கால்வாசி நிரம்பியிருந்தது. தகவல் தெரிந்து ஹார்க்னஸ் விதிப்புத்தகத்தோடு வந்து இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்தார். பின் பெஞ்சில் பாய்ட் இருந்தார். மழைக்கு ஒதுங்கியதாகச் சொன்னார்.

கார்மன் எழுந்து வந்து, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சபையைப் பார்த்துத் தன் காலிக் கட்டத்தைச் சொன்னார். முழுவதும் நாலு வாக்கியம்தான். யூனிஸின் இரண்டு தொப்பிகளும் அசையாமல் நின்றன. பாதிரியம்மா மேல்சட்டையின் கையை மடித்துக்கொண்டு வாளிக்குள் கைவிட்டார்.

"கையுறை," என்று மெல்லிய குரலில் அலறினார் ஹார்க்னஸ்.

"ஒன்பதாம் விதி," என்றார் பாதிரியம்மா, திரும்பாமலே. பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் மூன்று கை தண்ணீர் கார்மனின் வழுக்கையில் விழுந்தது. மேலேயிருந்து நாலாவதாக ஒரு துளி தானாகவே வந்து சேர்ந்துகொண்டது. முன் பெஞ்சில் வெல்டா சொன்ன சொல் தவறாமல் சிரித்தார்.

ஹார்க்னஸ் அசரவில்லை. பக்கங்களைப் புரட்டி எழுந்து நின்றார்.

"வாழ்த்துகள். ரொம்ப உருக்கமா இருந்தது. ஆனா விதியில ‘வழக்கமாக’ன்னு இருக்கு. பின்னிணைப்பு நாலுல அதுக்கு விளக்கம் இருக்கு. ஒரே வருஷத்துல ஆறு தடவை. இது ஒண்ணு. இன்னும் அஞ்சு வேணும். இந்த ஊர்ல அஞ்சு குழந்தை பிறக்கறதுக்குள்ள நானே பணி ஓய்வு வாங்கிடுவேன். அதுவரைக்கும் துளியை யாரும் தொடக் கூடாது."

அவர் உட்காரப்போனார். வாளியில் ஒரு ‘ளுக்’ விழுந்தது.

"பாதிரியம்மா," என்றது பின் பெஞ்சு. பாய்ட். ஒழுகும் இடத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நானும் ராம் தீவுதான். எங்கம்மாவும் வசந்தத்துல பாத்துக்கலாம்னாங்க. ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடுமா?"

ஒரு நிமிஷத்தில் முடிந்தது. பாய்ட் தலையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, கல்லறைத் தோட்டத்தில் மழையில் நின்றுகொண்டிருந்த கோர்க்கம் சகோதரர்கள் ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்கள். இருவருக்கும் எழுபது வயது. அவர்களும் தீவுதான், தங்கள் பெயரும் பென்சில்தான் என்று அண்ணன் சொன்னார். யாரிடமும் சொல்லாதே என்று அம்மா சத்தியம் வாங்கியிருந்தாளாம். தம்பி அண்ணனைத் திரும்பிப் பார்த்து, உனக்குமா என்றார். ஐம்பது வருஷமாக ஒரே வீட்டில் இருப்பவர்கள். ஏற்கெனவே நனைந்திருந்ததால் அவர்களுக்குத் தண்ணீர் குறைவாகவே பிடித்தது. பிறகு ஆர்கன் வாசிப்பவர் எழுந்து வந்தார். எதுவும் சொல்லாமல் தலையைக் குனிந்தார்.

ஐந்து.

பழைய போதகர் ஒவ்வொரு குளிர்காலமும் தீவுக் குழந்தைகளின் பெயர்களைப் பென்சிலில் எழுதிவைத்துவிட்டு வசந்தத்துக்குக் காத்திருந்தார் என்பதும், வசந்தம் ஒவ்வொரு வருஷமும் இறாலோடு வந்தது என்பதும் அப்போதுதான் எல்லாருக்கும் விளங்கிற்று. சபையில் யாரையும் யாரும் பார்க்கவில்லை. ஹார்க்னஸ் மட்டும் பெஞ்சு பெஞ்சாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் எழவில்லை. அவர் புத்தகத்தை மூடினார்.

முதல் பெஞ்சில் மஞ்சள் தலைக்கவசம் எழுந்தது. அதைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தார் யூனிஸ். பிறகு ஊதாத் தொப்பியையும் கழற்றினார். தொப்பியில்லாத யூனிஸை அந்த ஊர் அன்றுதான் பார்த்தது.

"வகுப்பு எடுக்கறதுக்கு ஞானஸ்நானம் வேணும்னு விதியில எங்கயும் இல்லை," என்றார், வாளியை நோக்கி நடந்துகொண்டே. "நான் பாத்துட்டேன். முப்பது வருஷமா வருஷா வருஷம் பாக்கறேன்."

பாய்ட் செவ்வாய்க்கிழமை ஏறினார். வெள்ளிக்கிழமை மாலை துவாரம் அடைபட்டது. பதிவேட்டில் பென்சில் பெயர்கள் ஆறுக்கும் கார்மன் மையால் தேதி போட்டார். தன் பெயருக்குக் கடைசியாக.

அதற்கடுத்த வாரம் மன்றத்தின் கடிதம் வந்தது. சபையின் வழிபாட்டு உரிமையை மன்றம் மதிக்கிறது. எனினும் நாற்பத்தொரு வருஷ ஒழுகலின் நினைவு அழியக் கூடாது. ஆகவே துளி விழுந்த இடத்தில், அதாவது அது புறப்பட்ட இடத்தில், கூரையின் உட்புறத்தில் ஒரு பித்தளைப் பலகை பொருத்தப்படும். வாசகம்: ‘இங்கே ஒழுகியது.’ பொருத்தும் முறையும் இணைப்பில் இருந்தது. நாலு மூலைக்கு நாலு திருகாணிகள், ஒவ்வொன்றும் நாலு அங்குலம். மாற்றக் கூடாது.

பாய்ட் இணைப்பைப் படித்துவிட்டுக் கார்மனைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பெரியவரே, இந்தக் கோயில்ல உள்கூரைன்னு தனியா ஒண்ணும் கிடையாது. பலகை, அதுமேல ஓடு. ரெண்டும் சேர்ந்து மூணு அங்குலம் வராது."

கார்மன் யோசித்தார். "எப்ப மாட்டறாங்க?"

"நன்றித் திருநாள் முடிஞ்ச புதன்கிழமை."

"கல்யாணம் அதுக்கு முந்தின சனிக்கிழமை."

"ஆமாம்."

"அப்ப சரி."

சனிக்கிழமை காலையிலிருந்தே மழை. ஊரில் ஜன்னல் தெரியாத மழை. வெல்டா சாம்பல் நிற உடையில், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பீடத்துப் படிக்குக் கீழே, இடது பக்கம், தன் பழைய இடத்தில் நின்றார். வாளி சுவரோரமாகப் பூக்களோடு இருந்தது. பாதிரியம்மா புத்தகத்தைத் திறந்தார். வெல்டா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். உள்ளங்கையை மேல்நோக்கி நீட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி நின்றார். சபை முழுவதும் கூரையைப் பார்த்தது. கார்மன் பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிஷம் முழுசாகப் போயிற்று. நிமிடத்துக்குத் துளி: பூஜ்யம்.

வெல்டா கையைக் கீழே இறக்கிக் கார்மனின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆரம்பிங்க," என்றார்.

புதன்கிழமை பலகை மாட்டினார்கள். ஹார்க்னஸ் பேசினார். ஒரு சபை தன் கட்டடத்தை மன்றத்திடம் நம்பி ஒப்படைத்தால் எவ்வளவு நன்மை விளையும் என்பதற்கு இதுவே சான்று என்றார். வேலை முடிந்ததற்கு அத்தாட்சியாகப் புதிய பட்டியல் ஒன்று வேண்டும் என்று கார்மனிடம் ஒரு படிவத்தைக் கொடுத்தார். தலையில் அதே வாசகம்தான்: எல்லாப் பொருளையும் விடாமல் எழுதவும். இந்த முறை நாற்பது வருஷம் என்ற வரம்பைக்கூட எடுத்துவிட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மழை வந்தது. ஆராதனைக்கு முன்பே கார்மன் தன் கொட்டகையிலிருந்து, யாருக்கும் கடிதம் எழுதாமல், நாலு வாளிகளைக் கொண்டுவந்து பலகையின் நாலு மூலைக்கும் நேர்கீழே வைத்துவிட்டிருந்தார். பிறகு நாலாவது பெஞ்சில் வெல்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் படிவத்தை வைத்து எழுதிக்கொண்டிருந்தார். பீடம், மேடை, கல்தொட்டி, எலிப்பொறி, உடைந்த எலிப்பொறி. கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

வெல்டா எட்டிப் பார்த்தார். "வாளி எத்தனைன்னு போட்டே?"

"போடல."

"கட்டம் காலியா இருக்கே."

"இருக்கட்டும்."

படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வாளிகள் நாலும் நாலு சுருதியில் பேச ஆரம்பித்தன. ஒன்று ‘டங்’, ஒன்று ‘டிக்’, இரண்டு ‘டொப்’. கோர்க்கம் சகோதரர்கள், இப்போது கோயிலுக்கு உள்ளே, அதற்கு ஏற்றாற்போல் கட்டைக்குரலில் பாட்டை எடுத்தார்கள். கார்மன் மடியில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கை அரிக்கவில்லை.